மறுபடியும் 42 கிலோமீட்டரா?

இந்த ஒரு மாதமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பால் வாங்கப் போனாலும் சரி, ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் பழைய ஷிஃப்ட் ஆட்கள் எதிர்ப்பட்டாலும் சரி, "என்ன சார், ஜனவரிக்குப் பேர் குடுத்தாச்சா?" என்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லத் தயாராக இருக்கிறார்கள். மீதிப் பேர் "விட்டுடாதீங்க" என்று சொல்லத் தயாராக இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முன்கதை. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்றேன். பிரஷருக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். நடை ஓட்டமானது. 10 கிலோமீட்டர், பிறகு மூன்று அரை மராத்தான், அதன் பிறகு ஒரு முழு மராத்தான். 42.195 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் முடித்தேன். வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் முடித்தேன்.

இரண்டாவது முழு மராத்தான்தான் போன ஜனவரியில் ஓடியது. எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டியது, 50 நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. மார்கழி என்றாலும் அன்று ஒரே புழுக்கம். 25 கிலோமீட்டர் தாண்டிய பிறகு வந்த மேசைகளில் உப்புக் கரைசல் தீர்ந்திருந்தது. என்னைப் போல மெதுவாக வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் மிச்சம். தன்னார்வப் பிள்ளைகள் பாவம், "குடிங்க அங்கிள், வெயில் ஏறுது" என்று பாசமாக நீட்டினார்கள். குடித்தேன்.

34-வது கிலோமீட்டரில் தலைவலி, குமட்டல். மோதிரம் விரலை இறுக்கியது. ஓரமாக உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸில் இருந்த பையன் பெயர் கேட்டதற்கு, நான் ஓய்வு பெற்ற கம்பெனியின் டோக்கன் நம்பரைச் சொன்னேனாம். மகளின் போன் நம்பர் வரவில்லை. இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. எனக்கு நினைவிருப்பது ஒரு வேப்பமரத்தின் நிழல் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 123. சாதாரணமாக 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டியது. எல்லாரும் நினைத்தது போல உடம்பில் தண்ணீர் வற்றவில்லை. தண்ணீர் அதிகமாகி, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போயிருந்தது. அப்படி ஆகும்போது மூளை வீங்கத் தொடங்கும். குழப்பம், வலிப்பு, அதற்கு மேலும் போகலாம். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் அதுவும் மூளைக்கு ஆபத்து என்றார்கள். இரண்டு ராத்திரி அங்கேயே.

டாக்டர் இளைஞர், பொறுமையாக விளக்கினார். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறார்கள். அதில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது உடல் எடை கூடியவர்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும்தான் அது அதிகம். வேகமாக ஓடுகிறவனுக்கு நின்று குடிக்க நேரம் கிடையாது. மெதுவாக ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு மேசையும் ஒரு தண்ணீர்ப் பந்தல். இன்னொன்றும் சொன்னார். எனக்குக் கொடுத்திருந்த பிரஷர் மாத்திரை, சிறுநீரில் உப்பை வெளியேற்றும் வகை. அதையும் மாற்றிக் கொடுத்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஏரியாவில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஒய்-ஒய் அனாலிசிஸ்' தெரிந்திருக்கும். மெஷின் நின்றால் "ஏன்?" என்று கேட்க வேண்டும். வரும் பதிலுக்கும் "ஏன்?". இப்படி ஐந்து முறை. டொயோட்டாக்காரர்கள் கொண்டுவந்த முறை, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை எல்லா ஷாப் ஃப்ளோரிலும் அந்தத் தாள் தொங்கும். பிரேக்டவுன் ஆன மெஷினைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. வீம்புக்கு பட்டனை அமுக்குவதும் இல்லை. காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் கிடையாது.

நானும் ஒரு தாளில் எழுதினேன். தாமதமாகக் கிளம்பியது ஒன்று. உப்புக் கரைசல் தீர்ந்தது இரண்டு. மாத்திரை மூன்று. இந்த மூன்றையும் சரி செய்யலாம். வேறு போட்டிக்குப் போகலாம், இடுப்புப் பட்டையில் சொந்தமாகக் கரைசல் கொண்டுபோகலாம், தாகத்துக்கு மட்டும் குடிக்கலாம், மாத்திரை மாறிவிட்டது. நாலாவது ஒன்று இருந்தது: ஐந்தரை மணி நேரம். அவ்வளவு நேரம் ரோட்டில் இருந்தால் வெயிலும் அதிகம், வியர்வையும் அதிகம், குடிப்பதும் அதிகம். இந்த நாலாவதை நான் சரி செய்ய முடியாது. எனக்கு 65 வயது. வருஷா வருஷம் அந்த நேரம் கூடுமே தவிரக் குறையாது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மீதி 8 கிலோமீட்டர் உறுத்திக்கொண்டே இருந்தது. "விடாதீங்க" கட்சிக்காரர்கள் வேறு ஆளாளுக்கு ஒரு உதாரணம் சொன்னார்கள்.

முதலில் நம்ம மா. சுப்பிரமணியன். 2004-ல் விபத்தில் முழங்கால் உடைந்து, இனி ஓட முடியாது என்று ஆன மனிதர். அதற்குப் பிறகுதான் நூற்றுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஓடினார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமே எழுதியிருக்கிறார். உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனால் அவர் அதிகமும் ஓடியது 21 கிலோமீட்டர் தூரம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்தது ஃபௌஜா சிங். 89 வயதில், 2000-ல் லண்டனில் முதல் மராத்தான் ஓடிய பஞ்சாப் தாத்தா. "அவரை விடவா உங்களுக்கு வயசு?" என்கிறார்கள். அவரும் ஒரு நாள் நிறுத்தினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2013-ல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு, போட்டிகள் போதும் என்றார். நடையை விடவில்லை. 2025 ஜூலையில் தன் கிராமத்தருகே ரோட்டில் நடந்து போனபோது கார் மோதி இறந்தார். ராத்திரி பகலாகக் கண்டெய்னர் லாரியும் கார் டிரெய்லரும் ஓடும் வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் காலை இருட்டில் ஓடுகிற நமக்கு, அந்தச் செய்தி தனியாக ஒரு எச்சரிக்கை.

மூன்றாவது கதை நானே தேடிப் படித்தது. ஷிஸோ கனகுரி என்ற ஜப்பானியர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தான். அன்று கடும் வெயில். ஓடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகல் வீரர் லாஸரோ வழியில் விழுந்து, மறுநாள் இறந்தே போனார். கனகுரியும் மயக்கத்தில் தடுமாறி, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார். அந்த வீட்டார் குடிக்கக் கொடுத்துக் கவனித்துக்கொண்டார்கள். போட்டி நடத்தியவர்களிடம் சொல்லாமலே அவர் ஊர் திரும்பினார். 1967-ல், 75 வயதில், ஸ்வீடன்காரர்கள் அவரை அழைத்துப் பந்தயத்தை முடிக்கச் சொன்னார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டினார். நேரம்: 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20.3 விநாடி.

இதை எல்லாரும் "விட்டதை முடித்த கதை" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு நடுவில் இருந்த 54 வருஷம்தான் பிடித்தது. 1920-ல் ஆன்ட்வெர்ப்பில் மறுபடி ஓடி 16-வதாக வந்தார். 1924-ல் பாரிஸில் ஓடினார், அங்கேயும் முடிக்கவில்லை. அதற்காக இடிந்து உட்காரவில்லை. டோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்குப் போய்த் திரும்பும் மாணவர் தொடர் ஓட்டம் 1920-ல் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. இன்றும் அது ஜப்பானில் புத்தாண்டுத் திருவிழா மாதிரி நடக்கிறது. ஸ்டாக்ஹோமில் மிச்சம் வைத்த தூரத்தை அவர் ஒரு கடனாகச் சுமந்துகொண்டு திரியவில்லை. கூப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டே போய் முடித்தார்.

அதைப் படித்த பிறகுதான் என் மனசிலிருந்த கேள்வியே இரண்டாகப் பிரிந்தது. எனக்கு ஓட ஆசையா, அல்லது அந்த 8 கிலோமீட்டரை அழிக்க ஆசையா?

அந்தக் கேள்விக்குப் பதில் என் மனைவி கொடுத்தாள். நான் தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, நாலு காரணம் எழுதியிருக்கீங்க. நஷ்டக் கணக்கு எங்க? அந்த ரெண்டு ராத்திரி வராண்டாவில உட்கார்ந்திருந்தது நான். பெங்களூர்ல இருந்து கைக்குழந்தையைத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்தது உங்க பொண்ணு. உங்களுக்கு அதெல்லாம் ஞாபகம்கூட இல்ல."

உண்மை. பிரேக்டவுன் தாளில் கடைசிக் கட்டம் அதுதான்: எவ்வளவு உற்பத்தி நஷ்டம், யாருக்கு? மெஷினுக்கு அது தெரியாது. லைனில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்காக அவள் "ஓடாதீங்க" என்று சொல்லவில்லை. ஓடாத நாளில் நான் வீட்டில் எப்படி இருப்பேன் என்பதும் அவளுக்குத் தெரியும். "ரெண்டு பேருக்கும் தாங்குற மாதிரி ஓடுங்க" என்றாள்.

அமெரிக்காவில் 2000-லிருந்து 2010 வரை ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரின் கணக்கை எடுத்திருக்கிறார்கள். இதயம் நின்றவர்கள் 59 பேர், அவர்களில் 42 பேர் இறந்தார்கள். ஆக, ஓட்டமே ஆபத்து என்று பயமுறுத்துகிறவர்கள் சொல்வது சரியில்லை. ஆனால் அதே கணக்கில், அரை மராத்தானைவிட முழு மராத்தானில் அந்த ஆபத்து ஏறக்குறைய நாலு மடங்கு. எனக்கு வந்தது இதயக் கோளாறு அல்ல. இருந்தாலும் தூரமும் நேரமும் கூடக் கூட உடம்பு கேட்கும் விலையும் கூடுகிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே முடிவு இது. முழு மராத்தான் இனி இல்லை. பயந்து விடவில்லை. அந்த நாலாவது காரணத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, அவ்வளவுதான். அரை மராத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டேன். 21.1 கிலோமீட்டர், எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அந்த 8 கிலோமீட்டர் அங்கேயே இருக்கட்டும்.

எனக்கு நானே மூன்று விதி போட்டிருக்கிறேன். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு ரத்தத்தில் சோடியமும் கிரியேட்டினினும் பார்ப்பது. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது, எடை கூடியிருந்தால் அடுத்த முறை குடிப்பதைக் குறைப்பது. கிளம்புவது அரை மணிக்கு மேல் தாமதமானால், சட்டை நம்பரைக் கழற்றிவிட்டு டிபன் சாப்பிடப் போவது. பயிற்சி மெயின் ரோட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிப்காட் உள் சாலைகள் காலியாக இருக்கும், விளக்கும் உண்டு. வல்லக்கோட்டை முருகன் கோயில் வரை போவதென்றால் விடிந்த பிறகுதான்.

என் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதில் உப்பை வெளியேற்றும் வகை இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு முறை கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஓட்டமே வேண்டாம் என்றால் 2023-ல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வைத்திருக்கிறார்கள். அந்த 8 கிலோமீட்டரை நடந்து முடிக்க யாருக்கும் டோக்கன் நம்பர் தேவையில்லை.