அம்மாவின் முழங்காலும் பிரதாப்கட் கோட்டையும்



நாங்கள் புனே நகரில் குடியேறிப் பத்தொன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கிடைத்த விடுமுறைகளையெல்லாம் சொந்த ஊருக்குப் போய்வருவதிலேயே செலவிட்டோம். 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மகாபலேஷ்வரைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. ஆகவே, 2025ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் மூன்று நாட்கள் அங்கே போய்வரத் தீர்மானித்தோம்.

திட்டமிடும் பொறுப்பை நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் ஏற்றுக்கொண்டாள். சிவாஜியின் வரலாற்றைப் பள்ளியில் படிப்பவள் அல்லவா? மகாபலேஷ்வருக்கு அருகிலுள்ள பிரதாப்கட் கோட்டையே அவளுடைய பட்டியலில் முதலிடம் பெற்றது. 1659 நவம்பர் 10 அன்று பிஜப்பூர்த் தளபதி அப்சல்கானை சிவாஜி சந்தித்தது அக்கோட்டையின் அடிவாரத்தில்தான்.

என் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். வயது 71. மராத்தி தெரியாது. ஞாயிறு ஆராதனையைத் தவிர வேறெங்கும் போவதில்லை. "எனக்கு முழங்கால் வலி. நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்கள். உண்மையைச் சொல்லுகிறேன்: என் மனம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. நான்கு பேருக்கு ஓர் அறை போதும், சிறிய வாடகைக் கார் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அன்று இரவு மகள் ஒரு பட்டியலை உரக்க வாசித்தாள். மராட்டியரின் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிராவில் உள்ளன. பன்னிரண்டாவது செஞ்சி.

"செஞ்சியா?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். "அது எங்கள் மலையாயிற்றே! சிறு வயதில் அதன் அடிவாரத்தில் விறகு பொறுக்கியிருக்கிறேன்." தேசிங்கு ராஜன் கதையைப் பேத்திக்குச் சொன்னார்கள். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியதையும், அவருடைய மகன் ராஜாராம் பின்னர் அங்கே அடைக்கலம் புகுந்து ஆண்டதையும் பேத்தி ஆயாவுக்குச் சொன்னாள். என் வீட்டில் இருவரும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாள் திட்டத்தை அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்கி மாற்றி எழுதினோம். தரைத்தளத்தில் அறை. காரை விட்டுவிட்டுக் கால் நீட்டி உட்காரத்தக்க பெரிய வாகனம். ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டுமே. மலைப்பாதையில் குமட்டினால் உதவும் என எலுமிச்சம்பழம். வார இறுதியில் அறை வாடகை கூடும். ஆராதனையையும் விட இயலாது. ஆகவே புதன் முதல் வெள்ளி வரை. கூடுதல் செலவுக்காகப் புதிய அலைபேசி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

முதல் நாள் வாய் நகரைக் கடந்து பசர்ணி மலைப்பாதை வழியாகப் பஞ்ச்கனி சேர்ந்தோம். இரண்டாம் நாள் பிரதாப்கட். அம்மா கீழேயே இருப்பதாகச் சொன்னவர்கள், பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, முதல் வாசல்வரை ஏறிவிட்டார்கள். அங்கே மோர் விற்ற மூதாட்டியிடம், "ஆயாவின் ஊர் ஜிஞ்சி" என்று மகள் மராத்தியில் சொன்னாள். மராத்தியர் செஞ்சியை அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, தம் அருகே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நாங்கள் மேலே போய்த் திரும்பும்வரை மொழி தெரியாத இருவரும் சைகையால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பழைய மகாபலேஷ்வரில் கிருஷ்ணா நதி பிறக்கும் இடத்தைக் கண்டோம். "இந்தத் தண்ணீர்தானா சென்னைவரை வருகிறது?" என்று அம்மா வியந்தார்கள். வெள்ளி இரவு வீடு திரும்பினோம்.

விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பத்தாரே, எந்த இடம் என்று கேட்பதற்கு முன், நம்மில் யாரால் குறைவாக நடக்க முடியும் என்று கேளுங்கள். "நான் வரவில்லை" என்று முதியவர் சொல்லும்போது அவசரப்பட்டுச் சரியென்று தலையாட்டிவிடாதிருங்கள்.

அம்மா இப்போது மாலைதோறும் கீழே இறங்கி, பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டியோடு உட்காருகிறார்கள்.