படத்தின் ஓரத்தில் ஒரு படகு

பொருள் தேடிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் முன்னோரின் புகைப்படங்கள் பல இல்லங்களில் இன்றும் உள்ளன. கடலைவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி, மலையடியில் அமைந்த திருவண்ணாமலையிலும் அத்தகைய படங்களை நாம் கண்டிருக்கிறோம். துருக்கித் தொப்பி அணிந்த பாட்டனார் துறைமுகத்தில் நிற்பார். அவர் பின்னே பெருங்கப்பல் ஒன்று உயர்ந்து நிற்கும். முகத்தைப் பார்க்கிறோம், கப்பலைப் பார்க்கிறோம். ஓரத்தில் புகை கக்கிக்கொண்டிருக்கும் சிறு படகைப் பார்ப்பவர் இல்லை. அது இழுவைப் படகு. சில படங்களில் அதற்கப்பால் தூர்வாரும் கப்பலும் தென்படும்.

பெருங்கப்பல் ஆழ்கடலில்தான் அரசன். துறைமுகத்தின் ஒடுங்கிய நீர்ப்பரப்பில் அது தன் விருப்பம்போல் திரும்ப இயலாது. கயிறு கட்டி இழுத்தும், விலாவில் முட்டித் தள்ளியும் அதைக் கரை சேர்ப்பது இழுவைப் படகே. தூர்வாரும் கப்பலின் பணியோ அதனினும் மறைவானது. சென்னைக் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தவண்ணம் உள்ளது. துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தமையால் தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. 1904 முதல் 1919 வரை துறைமுகத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் பழைய கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கு வாயில் திறக்கப்பட்டது.

கொச்சியின் வரலாறு இன்னும் வியப்பானது. 1920-இல் அங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, சென்னை மாகாண ஆளுநராயிருந்தவரின் பெயர் தாங்கிய ‘லார்ட் வில்லிங்டன்’ என்னும் தூர்வாரும் கப்பலைப் பணியில் ஈடுபடுத்தினார். அங்கு வாரியெடுத்த மண்ணே வில்லிங்டன் தீவாயிற்று. தீவை ஊரறியும், அதே பெயரில் மண் வாரிய கப்பலை அறிந்தார் சிலரே.

இத்தகைய கலங்களின் வரலாற்றைப் படங்களிலிருந்து மீட்க இயலுமா? இயலும். மலையின் முகடு தெரியும் விதத்தைக் கொண்டே, படம் பிடித்தவர் நின்ற திசையைச் சொல்லிவிடும் ஊரார் நாம். நபிமொழியை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த சமுதாயமும் நம்முடையதே. படத்திற்கும் அந்நெறி பொருந்தும். எடுத்தவர் யார், யார் கைவழியாக வந்தது, பின்புறம் எழுதியிருப்பது என்ன என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு படமே சாட்சி சொல்லும். சென்னை உயர்நீதிமன்றக் கோபுரம் தெரிந்தால் அது 1892-க்கு முந்திய படமன்று. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையங்கள் இருந்தால், அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். விற்கப்படும்போது கலத்தின் பெயர் மாறலாம். பிரிட்டிஷ் பதிவேட்டில் உள்ளவரை அதன் பதிவு எண் மாறாது.

“எங்கள் பாட்டனார் ‘இராஜுலா’வில் சென்றார்” என்று கூறாத குடும்பம் அரிது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய அக்கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. அதற்கு முன் எடுத்த படத்தில் அது இருக்க வழியில்லை. அவ்வாண்டே பிறந்த ‘ரோனா’ அதன் உடன்பிறப்பு, தோற்றத்திலும் ஒத்தது. இரண்டையும் பிரித்தறிய ஆண்டு உதவும். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கப்பால், ஜெர்மானிய வானூர்தி ஏவிய, வானொலியால் இயக்கப்பட்ட குண்டுக்கு ‘ரோனா’ இரையாயிற்று. அமெரிக்கப் படைவீரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரும், கப்பலில் உழைத்த இந்திய மாலுமிகள் பலரும் மாண்டனர். ‘இராஜுலா’வோ 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ‘ரங்கத்’ எனப் பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது.

பெருங்கப்பலுக்கே முடிவு இதுவெனில், இழுவைப் படகை நினைப்பவர் யார்? அதில் கரி அள்ளிப் போட்டவரும் கயிறு வீசியவரும் நம் பாட்டனார்களைப் போலவே கூலிக்காகக் குடும்பத்தைப் பிரிந்தவர்கள். அவர்களுக்கெனத் தனிப்படம் எடுத்தவர் அரிது. பிறர் படத்தின் ஓரத்தில் தற்செயலாய் விழுந்த உருவமே பலருக்கு எஞ்சிய ஒரே அடையாளம்.

கடலில் செல்லும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை எண்ணுகிறது. அவ்வத்தாட்சியைச் சுமந்த எளியோரை மறப்பது முறையாகுமா? வீடு மாற்றும்போதும் பெட்டி ஒழிக்கும்போதும் இப்படங்கள் குப்பைக்குப் போகின்றன. இளைஞர்களே, முதியோர் உயிரோடிருக்கும்போதே படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஊர், ஆண்டு, கப்பல், உடன் நிற்பவர் பெயர் ஆகியவற்றைப் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். ஓரத்தில் நிற்பவரையும் விட்டுவிடாதீர்கள். இவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் குறித்து நாம் கேட்கப்படுவோம்.