ராணி எறிந்த பழங்கள்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்து நெல்லி மரத்தடியில் பெருங் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பையன்கள் மண்ணில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தனர். ஒருவன் சட்டை கிழிந்திருந்தது. மற்றவன் முழங்காலில் ரத்தம். மூன்றாமவன் ஒருவன் மட்டும் விலகி நின்றான். அவன் மடி நிறைய நெல்லிக்காய். இருவருக்கும் கோள் மூட்டிவிட்டவன் அவனே என்பது விசாரித்ததில் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ வியப்பு! சரித்திர உபாத்தியாயராக இருப்பதன் பலன் இது. காச்மீரத்து ராணி தித்தா நினைவுக்கு வந்துவிட்டாள்.

கல்ஹணர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய இராஜதரங்கிணி அவள் கதையைச் சொல்லுகிறது. லோஹர நாட்டு அரசகுமாரி; கால் ஊனமானவள்; ஒரு பணிப்பெண் அவளைச் சுமந்து செல்வாளாம். 958-இல் கணவன் க்ஷேமகுப்தன் இறந்தபோது மகன் அபிமன்யு சிறுவன். பிரபுக்கள் கலகம் செய்தனர். அவள் பிராமணர்களுக்குப் பொன்னை வாரி வழங்கி, அவர்கள் மூலம் கலகக்காரர்களின் கூட்டைப் பிளந்தாள். பிறகு எதிரிகளைத் தனித்தனியே தொலைத்தாள். 972-இல் மகன் மாண்டான். சோகத்தில் ஓராண்டு கோயில்களும் மடங்களும் கட்டினாள். அப்புறம் பேரர் மூவரையும் ஒருவர்பின் ஒருவராக ஒழித்தாள். முதல் இருவரைப் பில்லி சூனியத்தால் என்கிறார் கல்ஹணர். கடைசிப் பேரன் சித்திரவதையில் செத்தான். கோயில் கட்டிய கையும் அதே கைதான்! 980 முதல் 1003 வரை அவளே அரியணையில் அமர்ந்தாள்.

வாரிசு வேண்டுமே? சகோதரனின் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, அவர்கள் முன் பழங்களை எறிந்தாள். யார் அதிகம் எடுப்பாரென்று சோதனை. சிறுவர்கள் அடித்துக்கொண்டு காயப்பட்டார்கள். ஸங்கிராமராஜன் என்பவன் மேனியில் ஒரு கீறலும் இல்லை. கையில் பழமோ ஏராளம். எப்படி என்று கேட்டாள். மற்றவர்களைச் சண்டைக்குத் தூண்டிவிட்டு நான் எடுத்துக்கொண்டேன் என்றான். அவனுக்கே ராஜ்யம்!

அந்த ஸங்கிராமராஜன் மன்னனானபின், மாடு மேய்த்து மந்திரியாக உயர்ந்த துங்கன் கையில் அதிகாரத்தை விட்டுவைத்தான். பிறகு அந்தத் துங்கன், மன்னன் அறிய, பிறர் கையால் வெட்டுண்டான். பழக்கம் விடவில்லை.

அடிபட்ட பையன்களை அதட்டி வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாமவனை மட்டும் நிறுத்திவைத்தேன். கண்டிக்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. மனத்துக்குள் அவனை மெச்சிக்கொண்டிருந்தேன் அல்லவா? என் முகத்தைப் பார்த்தே அவன் அதை அறிந்துகொண்டான் போலும். மடியிலிருந்து பொறுக்கி, நல்ல காய்களாக நாலு நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.