எந்தக் களத்துக்குப் பயணிப்பது?

கோல்ஃப் பந்துக்குப் பதிலாகத் தட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் சேர்க்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். இங்கே அமெரிக்காவில் அதற்கெனவே ஊர்விட்டு ஊர் செல்வோர் உண்டு. மதரஸா விடுமுறையில் நாமும் குடும்பத்துடன் அவ்வாறு செல்ல எண்ணினோம். அடுத்த ஆண்டு மகன் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிடுவான்.

அவன் தரவரிசைப் பட்டியல்களை நீட்டினான். அவை வலுத்த கரங்களுக்கென எழுதப்பட்டவை என்பதே நமது கருத்து. முழங்கால் வலியுள்ள நாமும் பத்து வயது மகளும் உடன் நடக்க இயலுமா என்பதை அவை சொல்வதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள ஓக் குரோவ், எட் ஹெட்ரிக் 1975இல் அமைத்த முதல் நிரந்தரக் களம். அன்று கூடைகள் இல்லை, கம்பங்களே இலக்குகள். அதைக் காணும் ஆவல் நமக்குண்டு. அதே மாநிலத்துச் சாண்டா குரூஸில் டெலவேகா உள்ளது. அதன் 27ஆம் இலக்குக்கு 'உலகின் உச்சி' என்று பெயர். மேட்டிலிருந்து எறியும் தட்டு நெடுந்தொலைவு மிதந்து இறங்கும். அழகுதான், தட்டைத் தேடி நாமும் இறங்க வேண்டுமே! நியூஜெர்சியிலிருந்து விமானச் செலவு வேறு.

மசாசூசெட்ஸின் லெஸ்டரிலுள்ள மேப்பிள் ஹில்லுக்குக் காரிலேயே செல்லலாம். கிறிஸ்துமஸ் மரப் பண்ணையில் அமைந்த அக்களத்தில் தொழில்முறைப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஆயினும் வெவ்வேறு தூரங்களில் எறிமேடைகள் உள்ளன. மகன் தொலைவிலிருந்தும் மகள் அருகிலிருந்தும் எறிந்து, ஒன்றாகவே நடக்கலாம். தனியார் நிலமாதலால் கட்டணம் உண்டு.

லுஹருக்குப் பின் தொடங்கினால் அஸருக்குள் முடியுமா என்று மனைவி வினவினார். 18 இலக்குகளுக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். நமது நடைக்கு அதற்கும் மேல். எனவே காலையிலேயே தொடங்குவதென முடிவு செய்துள்ளோம், இன்ஷா அல்லாஹ்.