இந்தப் பக்கம் மக்காச்சோளம், அந்தப் பக்கம் உளுந்து

கரிசல்காட்டில் வெள்ளாடு மேய்ப்பவர்களுக்குக் கார்த்திகை மாதம் சோதனைக் காலம். மழையை நம்பிப் புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைபிடித்து நிற்கும். ஆடுகளுக்கு மிச்சம் கண்மாய்க்கரை, ஓடை, சாலையோரம். அங்கே போய்ச் சேர, இருபுறமும் வெள்ளாமை நிற்கும் வண்டிப்பாதையில் மந்தையை ஓட்டிப்போக வேண்டும். எட்டயபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நாற்பது உருப்படி வைத்திருக்கும் ஓர் அக்காவோடு நான் நடந்தது அப்படியொரு பாதையில்தான்.

"ஆடு வளக்குறதுல பாதி வேலை ஆட்டோட, தம்பி. மீதி வேலை காட்டுக்காரங்களோட" என்று பட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிட்டார். 2011இல் வந்த விலையில்லா ஆடு திட்டத்தில் கிடைத்த 4 ஆடுகள்தான் இந்த மந்தைக்கு முதல்.

பெரும்பாலும் கன்னி ஆடுகள். விருதுநகர், தூத்துக்குடிச் சீமைக்கே உரிய இனம். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தின் இருபக்கமும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, செம்பழுப்பென்றால் செங்கன்னி. கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருப்பதால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் நடப்பது அவற்றுக்குத் தெரியும். அக்கா என்னிடம் பேசத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் ஓர் ஆடு உளுந்துக்குள் இருந்தது. நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

செம்மறி என்றால் இவ்வளவு பாடில்லை. முன்னால் போவதன் பின்னாலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு போய்விடும். வெள்ளாடு ஒரு செடியிலும் நிலைக்காது. இங்கே நாலு வாய், அங்கே ரெண்டு வாய், அடுத்தது எதிர்க்காட்டில். ஒரு பெட்டையின் கழுத்தில் மூன்று கம்புகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வேலி இடுக்கில் தலை நுழையாமல் இருக்க இந்த ஏற்பாடு. தலை நுழையவில்லைதான். அது பின்னங்காலில் எழுந்து நின்று, கம்புகளை வேலிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு நிதானமாக மேய்ந்தது.

கிடாய்க்கு வேறு அலங்காரம். வயிற்றுக்கடியில் ஒரு சாக்குத்துணி தொங்கியது. ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஆனியில் சேர்ந்தால் அடைமழையில் குட்டி விழும், ஈரத்திலும் குளிரிலும் பாதி தங்காது. அதனால் அந்த மாதங்களில் கட்டிய துணியாம். அவிழ்க்க வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது, நெருங்கத்தான் ஆளில்லை. தன் தாடியிலேயே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொள்ளும் வழக்கம் கிடாய்க்கு உண்டு. பெட்டைகளுக்கு அது வாசனை. காற்று என் பக்கம் அடித்தபோது அக்கா சிரித்தார்.

துணியை ஏமாற்றி விழுந்த குட்டிகளும் பட்டியில் இருந்தன. ஓர் ஆடு மூன்று குட்டி போட்டிருந்தது. அதற்கோ காம்பு இரண்டுதான். மூன்றாவதை ஒற்றைக்குட்டித் தாயிடம் ஊட்ட விட்டால், அது வாலடியை மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. ஈன்ற கொஞ்ச நேரம் நக்கும்போதே தன் குட்டியின் வாசம் தாய்க்குப் பதிந்துவிடும். பிறகு அதை ஏய்க்க முடியாது. அக்கா அந்த ஆட்டைக் கால்களுக்கிடையில் இடுக்கிப் பிடித்துத்தான் ஊட்டினார். குட்டி நாலைந்து நாளில் தானே ஒரு வழி கண்டுபிடித்ததாம்: சொந்தக் குட்டி பக்கவாட்டில் நின்று குடிக்கும்போது, இது பின்னங்கால்களுக்கு நடுவே தலையைவிட்டுக் குடித்துவிடும். மூக்குக்கு எட்டாத இடம்.

கண்மாய்க்கரையில் தொரட்டியை வைத்து உடைமரத்துக் கொப்பை இழுத்ததுதான் தாமதம், சிதறிக் கிடந்த நாற்பதும் ஓடி வந்தன. மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே மட்டும் 8. அதை வைத்துக்கொண்டு முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் உருவுகிற நறுவிசு எனக்குச் சாப்பாட்டுப் பந்தியில்கூட வாய்த்ததில்லை. வேலிக்கருவையின் இனிப்பு நெத்துக்கு மட்டும் அடிதடி. நெத்து செரித்துவிடும், கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு வந்து விழும்.

இளம்புல் பக்கம் அக்கா விடவே இல்லை. மழைக்குப் பின் முளைத்த புல்லை அள்ளித் தின்றால் குடலில் கிருமி பெருகி நஞ்சு ஏறும், துள்ளி விழுந்து செத்துப்போகும், துள்ளுமாரி என்பார்கள். நன்றாகத் தின்று கொழுத்ததுதான் முதலில் போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டாயிற்று, ஆனாலும் நம்பிக்கை இல்லை.

பொழுது சாய்ந்து பட்டிக்குத் திரும்பினால், கடித்த மக்காச்சோளக் கதிர்கள் ஆறைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்காரர் நின்றிருந்தார்.

"எந்த ஆடுன்னு பாத்தீங்களா அண்ணாச்சி?"

"எல்லாம் கறுப்பால்லா இருக்கு, எதைன்னு சொல்ல?"

அக்கா வாதாடவில்லை. அறுப்பு முடிந்ததும் மூன்று ராத்திரி அவர் காட்டில் கூலியில்லாமல் கிடை போடுவதாகச் சொன்னார். வழக்கமாகக் கிடைக்குக் காட்டுக்காரர்தான் பணம் தரவேண்டும். ஆட்டு எரு அந்த வருஷமே வேலை செய்யும் என்பதால் கேட்டு வாங்கிப் போடுவார்கள்.

"எரு சரிதாம்மா. அந்தப் புழுக்கையில வேலிக்கருவையுல்லா மொளைக்கும். அதை எவன் புடுங்குறது?"

"மொளைச்சா நானே வந்து புடுங்குதேன். நாலு ராத்திரி."

"அஞ்சு."

ஆறு கதிருக்கு ஐந்து ராத்திரிக் கிடையும் களையெடுப்பும். யாருக்கு லாபம் என்று நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள், மழை எப்போது வெறிக்கும் என்ற பேச்சுக்கு இரண்டு பேரும் போய்விட்டார்கள்.