சுத்தாத இடத்துல ஒரு டார்க்

மெஸ்ஸில் நீளமான பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்கீங்க. கூட இருந்த மூணு பேரும் ஒரே நேரத்தில் கை கழுவ எழுந்துட்டாங்க. அடுத்து என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பெஞ்சின் மறுமுனை மேலே, நீங்க சாம்பாரோட கீழே.

யோசிச்சுப் பாருங்க, அந்த நொடியில் உங்க எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெஞ்சுக் காலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த உங்க எடை, சோறு வாங்கி உட்கார்ந்ததிலிருந்தே அந்தக் காலைச் சுற்றிப் பெஞ்சைத் திருப்பப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மற்ற மூணு பேர் எதிர்ப்பக்கம் திருப்பியதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். டார்க் என்றாலே ஏதோ ஒன்று கிறுகிறுவென்று சுத்தணும் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுத்தாத இடத்தில் இருக்கும் டார்க்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன செமஸ்டர் லீவில் என் ரூம்மேட்டை ஊருக்குக் கூட்டிப்போனேன். எங்க ஊர் ஆவுடையார்கோவில். அறந்தாங்கியில் இறங்கி மீமிசல் போகும் பஸ்ஸைப் பிடிக்கணும். அவன் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அரசுப் பள்ளி. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் இரண்டு தடவை அரியர். "திருப்பூர்ல அண்ணன் வேலை பாக்குற கம்பெனியில சேர்ந்துடுறேன்டா, வீட்டுல சொல்லிட்டேன்" என்றான். டிசி கேட்டு லெட்டர் எழுதி மடித்துப் பையிலேயே வைத்திருந்தான். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அறிவுரை சொல்ல அவன் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

அவன் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதன் பெயர் திருப்புத்திறன். ஆனால் அதே அறிவியலில் திறன் என்றால் பவர். பதினொன்றாம் வகுப்பில் பெயர் திருப்பு விசை. ஆனால் இது விசையே கிடையாது, விசையின் அலகு நியூட்டன், இதன் அலகு நியூட்டன் மீட்டர். காலேஜுக்கு வந்தால் மொமெண்ட் என்கிறார்கள். "மொமெண்ட்னா நொடிதானடா?" என்று அவன் முதல் வாரத்தில் கேட்டதை நான் இன்றைக்கும் நல்ல கேள்வி என்றுதான் சொல்வேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கிவிட்டார்கள். நம்ம காலேஜில் அது இல்லை. அதனால் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்போம்.

கதவு உதாரணம் வேண்டாம், ஏழாங்கிளாஸிலிருந்து கேட்டாச்சு. டயர் கடைக்கு வாங்க. எங்க மாமா கடையில் துருப்பிடித்த வீல் நட்டு வந்தால் பானாவை மாட்டி, பானாவின் கைப்பிடியில் ஒரு இரும்பு பைப்பைச் சொருகுவார். பானா 30 செ.மீ. நீளம், கை கொடுப்பது 300 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் 0.3 × 300 = 90 நியூட்டன் மீட்டர். பைப்பைச் சொருகி நீளத்தை 90 செ.மீ. ஆக்கினால் அதே கை 270 கொடுக்கும். கார் வீல் நட்டை இறுக்குவதே ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டரில்தான். ஆக, மாமாவுக்கு வேண்டியது பலம் இல்லை, தூரம். தூரம்னா செங்குத்துத் தூரம். பானாவை அதன் நீளவாக்கில் நட்டை நோக்கி எவ்வளவு தள்ளினாலும் டார்க் பூஜ்யம். எங்க அப்பாயிக்கு உளுந்து உடைக்கும் திருகை ஒன்று உண்டு. அதில் கைப்பிடி முளை கல்லின் விளிம்பில் இருக்கும், நடுவில் இருக்காது. நியூட்டன் பிறப்பதற்கு முன்னாடியே யாரோ அதைச் சரியான இடத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள்.

பைக் பிரியர்களுக்காக ஒரு கணக்கு. கிளாசிக் 350-க்கு அதிகபட்ச டார்க் 27 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்பிஎம்மில். ஆர்15-க்கு 14.2, 7500 ஆர்பிஎம்மில். டார்க்கைக் கோண வேகத்தால் பெருக்கினால் பவர். பெருக்கிப் பாருங்க, அந்த இடத்தில் இரண்டும் ஏறத்தாழ 11 கிலோவாட்! ஹாஸ்டல் சண்டையில் இரண்டு கோஷ்டியுமே பாதி சரி.

ஆனால் பைக்கில் சக்கரம் சுத்துகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. மாமா பைப்பில் தொங்கும்போது முதல் ஐந்து நிமிஷம் நட்டு அசையவே அசையாது. அப்போ டார்க் இல்லையா? மாமாவின் மணிக்கட்டைக் கேளுங்க.

சரி, கோயிலுக்கு வருவோம். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தில் கட்டினார் என்று சொல்லப்படும் ஆத்மநாதர் கோயில். லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான், ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது. மண்டபங்கள் பல காலத்தில் கட்டியவை. ஊரே பெருமைப்படுவது கொடுங்கையைப் பார்த்து. கொடுங்கை என்றால் மண்டபத்தின் விளிம்பில், தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டி வளைந்து இறங்கும் கல் கூரை. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மரச் சட்டம், குறுக்குச் சட்டம், குமிழ் ஆணி எல்லாம் வரிசையாகத் தெரியும். எல்லாமே கல்லில் செதுக்கியது. அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" எந்த வேலையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். மரமா கல்லா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சுட்டுப் பார்க்கும் ஆசை வருகிற அளவுக்கு அது மரம் மாதிரி இருப்பது நிஜம்.

ரூம்மேட் ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றான். சிற்பத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது இதுதான்: "இது ஒரு பக்கம்தானடா உத்திரத்துல நிக்குது. இந்தப் பக்கம் புடிக்க ஒண்ணுமே இல்ல. ஏன் நம்ம மேல விழல?"

பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பேப்பர் வேணும் என்றதும் பையிலிருந்து டிசி லெட்டரை எடுத்து அதன் பின்பக்கத்தில் படம் போட்டான். அளவு நாங்க எடுக்கவில்லை, கணக்குக்காக வைத்துக்கொண்டதுதான்: 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீட்டம், 10 செ.மீ. கனம். கருங்கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2700 கிலோ, ஆக இந்தக் கல் 270 கிலோ. எடை 2650 நியூட்டன். புவியீர்ப்பு மையம் உத்திரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி. பெருக்கினால் ஏறத்தாழ 1300 நியூட்டன் மீட்டர். "நாப்பத்தொன்பது கிளாசிக் 350-டா" என்றான். ஒரு இன்ஜினும் இல்லை, ஒரு சக்கரமும் இல்லை. ராத்திரி பகலாக, நூற்றாண்டுக் கணக்கில், அந்தக் கல் உத்திரத்தைச் சுற்றிக் கவிழப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. கவிழாததற்குக் காரணம் உள்பக்கம். உத்திரத்துக்கு அந்தப் பக்கம் கல்லின் வால் நீண்டிருக்கும், அதன் மேல் தளக்கல் எடை உட்கார்ந்திருக்கும். அரை மீட்டர் உள்ளே 270 கிலோ அழுத்தினால் சரிசமம், அதைவிடக் கூட இருந்தால்தான் நிம்மதி. பெஞ்சில் அந்த மூணு பேர் செய்த வேலை.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நீட்டத்தை 2 மீட்டர் ஆக்கினால் என்ன ஆகும்? "டபுள்" என்று சட்டென்று வரும். இல்லை. எடையும் இரண்டு மடங்கு, தூரமும் இரண்டு மடங்கு, ஆக நாலு மடங்கு. 5300. அதுமட்டுமில்லை, இந்தத் திருப்பம் கல்லின் மேல்பக்கத்தை இழுக்கும், கீழ்ப்பக்கத்தை நசுக்கும். கருங்கல் நசுக்கலை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் போலிருக்கும், இழுவையில் அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. இரும்புக் கம்பி உள்ளே ஓடும் நம்ம வீட்டு சன்ஷேடு மாதிரி கிடையாது இது. நுனியை மெலிதாக்கினால் தூரத்தில் இருக்கும் எடை குறையும், அதனால் திருப்பமும் குறையும். ஆனால் உத்திரத்துக்குப் பக்கத்தில் மெலிந்தால் கல் விரியும். அந்த ஸ்தபதியிடம் நியூட்டன் மீட்டர் கிடையாது. எங்கே மெலியலாம், எங்கே கூடாது என்று மட்டும் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவையும் நான் சொல்லித் தரவில்லை. பாதிக்கு மேல் அவனே போட்டான். நாலு மடங்கு வந்ததும் தப்போ என்று மூணு தடவை பெருக்கிப் பார்த்தான். லெட்டரில் இடம் தீர்ந்து, கையெழுத்துக்கு மேலேயும் ஒரு அம்புக்குறி போட்டான்.

அரியருக்குப் பணம் கட்டி எழுதியிருக்கிறான், ரிசல்ட் இன்னும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் இன்னொன்று கேட்டான். மழைத்தண்ணி ஒழுகுதுன்னு மேலே இருக்கும் தளக்கல்லைப் பிரித்து மாற்றணும்னா, முதல் வேலை என்ன? நான் யோசிப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்: "கல்லுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கொடுங்கைக்கு அடியில முட்டுக் கொடுக்கணும்டா. உள்ளே எடை போச்சுன்னா வெளியே இருக்குறது காத்திருக்காது."