மூணு மலையும் ஒரு 'ஸ்'ஸும்

எங்க செஞ்சியில மலைக்குப் பஞ்சமே இல்லைங்க. கோட்டையே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையை வளைச்சுக் கட்டினதுதான். அதைக் காட்டியே எதிர்வீட்டு யு.கே.ஜி. வாண்டுக்கு இங்கிலீஷ் பன்மை சொல்லிக் கொடுக்கலாம்னு உக்காந்தேன்.

"ஒன் ஹில்... த்ரீ?"

"த்ரீ ஹில்!"

"தப்பு! ஹில்ஸ்"னேன், கொஞ்சம் சத்தமா. அவ்ளோதான். ரெண்டு நாள் நம்ம வீட்டுப் பக்கமே வரலை.

அப்புறம்தான் உறைச்சுது. நாம 'மூணு மலை'ன்னுதானே சொல்றோம்? 'மூணு மலைகள்'னு வீட்டுல யார் பேசறாங்க? ஒருமைக்கும் பன்மைக்கும் அப்படியே நிக்கிற இந்த மாதிரி சொல்லுக்கு நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்'னு பேரே வெச்சிருக்கு. புள்ள தப்பு பண்ணலை, தமிழ் இலக்கணத்தை இங்கிலீஷுக்குப் போட்டிருக்கா!

மூணாம் நாள் நானே போய்க் கூப்பிட்டேன். "நீ சொன்னது தமிழுக்குச் சரிடா. இங்கிலீஷுக்கு மட்டும் கடைசில பாம்பு மாதிரி 'ஸ்ஸ்' விடணும்."

சிரிச்சுட்டா. இப்போ கோட்டையில ஒத்தைக் குரங்கைப் பாத்தாலும் "ஒன் மங்கீஸ்ஸ்ஸ்"தான்.

நான் திருத்தலை. மறுபடி பேசறாளே, இப்போதைக்கு அது போதும் :-)